புதுத் துவக்கு, முதல் வெடி

தமிழ் தெரியாதவர்களால் இந்த லண்டனில் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. வந்ததெல்லாம் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒரு மனுஷனால் வந்தது. பெயர் குருமூர்த்தி. மலேசியாவில் ஈப்போக்காரர். படிக்க வந்து, இன்சூரன்ஸ் கம்பனியில் பெரிய உத்தியோகம் பார்த்து, டூட்டிங்கில் வீடு வாங்கி, எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தலைவராகவும் ஆனவர். 'தூய தமிழ்' என்று அவர் சொல்லாத கூட்டமே கிடையாது. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கலாவதி. உள்ளூர்க் கவுன்சிலில் வீட்டு வசதிப் பிரிவில் வேலை. துவக்குச் சுடுவது என் பொழுதுபோக்கு. துவக்கு என்றால் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கி. இதைச் சொன்னதும் எங்கள் சனம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். "சண்டைக்குள்ளை இருந்து தப்பி வந்தனீர். பிறகும் ஏன் உமக்கு உந்தச் சனியன்?" அங்கே நான் கண்டதெல்லாம் துவக்கின் முன்பக்கம். பின்பக்கம் எப்படியிருக்கும் என்று இங்கே வந்துதான் பார்த்தேன். பிடித்துப்போனது. நீந்தப் போகிற பெண்ணிடம் கடலில் எத்தனை பேர் செத்தார்கள் தெரியுமா என்று யாராவது கேட்கிறார்களா? என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

எங்கள் கிளப் ஒரு ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே இருக்கிறது. மேலே ரயில் ஓடும், கீழே நாங்கள் கடதாசியில் ஓட்டை போடுவோம். அங்கே பெரிய தோட்டாத் துவக்குத்தான் துவக்கு என்கிற ஆம்பிளைகள் ஒரு கூட்டம் உண்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் தோள்பட்டையைத் தடவிக்கொண்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது இருபத்திரண்டு மேக்னம் என்கிற சின்ன ரகம். தோட்டா பென்சிலை விட ஒல்லி. ஆனால் சாதாரண இருபத்திரண்டை விட நீளமான பித்தளைக் கோது, உள்ளே வெடிமருந்தும் அதிகம். கை நோகாது, காரம் குறையாது. கொச்சி மிளகாய் மாதிரி. "பேபி கன்" என்று கேலி செய்தவர்களின் இலக்கு அட்டையையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்தக் கேலி நின்றுவிட்டது.

கைத்துப்பாக்கி இந்த நாட்டில் தடை. ஆனால் ரிவால்வரின் குழலை ஒரு அடி நீளத்துக்கு வைத்து, பிடியிலிருந்து பின்னால் ஒரு இரும்புக் கம்பியையும் நீட்டிவிட்டால் சட்டம் அதைக் கைத்துப்பாக்கி என்று கணக்கெடுக்காது. என்னிடம் இருப்பது அப்படி ஒன்று. சட்டை மாட்டும் கொழுவியை முழுங்கின கொக்கு போல இருக்கும். எனக்கு அது அழகிதான். ஆறு தோட்டா போட்டு உருளையைத் தள்ளிப் பூட்டும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் ஒரு கிழமை முழுக்க கவுன்சிலில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பேச்சையெல்லாம் பொறுத்துக்கொள்வேன்.

ஆனால் ரிவால்வர் தனியே நின்றால் அம்மி இருந்து குழவி இல்லாத மாதிரி. அதே இருபத்திரண்டு மேக்னம் தோட்டாவைத் தின்னும் ஒரு கார்பைன் ரைபிள் வேண்டும். கட்டைக் குழல், வால்நட் மரப் பிடி, விரல்களை விட்டு முன்னே தள்ளி இழுக்கிற நெம்புகோல். ஒரே பெட்டித் தோட்டாவில் இதற்கும் போடலாம், அதற்கும் போடலாம். பத்தடியில் ரிவால்வர் சொல்வதை ஐம்பதடியில் கார்பைன் திருப்பிச் சொல்லும். இந்தச் சோடியைச் சேர்க்க நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். போலீஸ் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியைத் தட்டிப் பார்த்து, ஏன் வேண்டும் எதற்கு வேண்டும் என்று கேட்டு, கடைசியில் சரி என்றது. கார்பைன் வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை.

அன்று பின்னேரம் ராஜியின் கடையில் நின்றேன். அப்பர் டூட்டிங் ரோட்டில் எங்கள் ஊர்ச் சாமான் எல்லாம் வைத்திருப்பவள். என் கணவர் அம்பலவாணன் வேலையிலிருந்து போன் எடுத்தார். நான் சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே கதைத்திருப்பேன்.

"ஓம், புதுத் துவக்கு வந்திட்டுது. ரவை ரெண்டு பெட்டி வீட்டிலை கிடக்கு. சனிக்கிழமை ரெயில் பாலத்துக்குக் கீழை முதல் வெடி வைக்கப் போறன். நீங்கள் வர வேண்டாம், பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ."

ரவை என்றால் எங்களுக்குத் தோட்டா. வெடி வைப்பது என்றால் சுடுவது. யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மாப் பைகள் அடுக்கியிருந்த தட்டுக்குப் பக்கத்தில் நின்றவர் குருமூர்த்தி. அவர் காதில் விழுந்தது வேறு கதை. ஏதோ புதிய துவக்கமாம். வீட்டில் இரண்டு பெட்டி உப்புமா ரவையாம். சனிக்கிழமை ரயில் பாலத்துக்குக் கீழே வெடிகுண்டாம். கடைசியில் தன் பிள்ளையைப் புருஷனிடம் ஒப்படைக்கிற ஒரு தாயாம்.

ரயில்களில் குண்டு வெடித்து ஒரு வருஷம்தான் கழிந்திருந்தது. நானும் அந்த ரயில்களில்தான் போய் வருகிறவள். அந்த மனுஷன் பயந்தது பிழை என்று நான் சொல்லவே மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அவருக்கு என்னைத் தெரியும். என் மகள் ஜதுர்ஷிகா அவர் வகுப்பில்தான் படிக்கிறாள். இரண்டடி திரும்பி, "என்னம்மா சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் விளக்கியிருப்பேன், இரண்டு பேரும் சிரித்திருப்போம். அவர் கேட்கவில்லை. கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்ப் போலீசுக்குப் போன் எடுத்தார்.

அடுத்த நாள் விடிய வந்தார்கள். மரியாதையாகத்தான் வந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். அலுமாரியைத் திறக்கச் சொல்லித் துவக்குகளை எடுத்துக்கொண்டார்கள். பிறகு குசினிக்குள் போய் என் அரிசி, மா, பருப்பு டப்பாக்களை எல்லாம் மேசையில் பரப்பினார்கள். ஒரு அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்து, "மேடம், அந்த இரண்டு பெட்டி ரவை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சமையல் ரவைக்கான ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னார். அது ஏதோ ஒரு தூளுக்கு நாங்கள் வைத்த சங்கேதப் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கத்தவேண்டும் போலவும் இருந்தது. ஜதுர்ஷிகா படியில் நின்று, இரவு உடுப்போடு, ஒரு சத்தமும் போடாமல் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

குண்டுக் கதை அன்று மத்தியானமே முடிந்தது. கிளப்புக்குப் போய்ப் பார்த்தார்கள், ரயில் பாலத்தைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். ஆனால் துவக்குகளைத் திருப்பித் தரவில்லை. அனுமதி விஷயம் பார்க்கும் அதிகாரி எனக்கு விளக்கினார். துவக்கு வைத்திருப்பவர் மேல் ஒரு சந்தேகமும் இருக்கக் கூடாது. முறைப்பாடு செய்தவர் சொன்னதில் உறுதியாக நிற்கிறார். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்களாம். அவர் திருச்சிப் பக்கத்துக்காரராம், வெடி என்றால் வெடிமருந்து, வைப்பது என்றால் வைப்பது என்று போனிலேயே சொல்லிவிட்டாராம்.

"உங்கள் தமிழில் ஒரு அர்த்தம், அவர்கள் தமிழில் ஒரு அர்த்தம். எந்தத் தமிழ் சரி?" என்று கேட்டார் அந்த வெள்ளைக்காரர்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷைக்கு வேறொருவர் வந்து சாட்சி சொல்லவேண்டுமாம். என் கணவர் சொன்னால் எடுபடாது, குடும்பம். தீபாவளி முடிந்து வரும் திங்கட்கிழமை முடிவு என்றார் அதிகாரி. அதற்குள் குருமூர்த்தி தான் பிழையாக விளங்கிக்கொண்டதாகச் சொன்னால் எல்லாம் சரி. சொல்லாவிட்டால் அனுமதி ரத்து. ஒருமுறை ரத்தானால் பிறகு இந்த நாட்டில் எனக்குத் துவக்கு கிடையாது. ஒரு வெடிகூட வைக்காத அந்தக் கார்பைனை யாரோ கொண்டுபோய் உருக்குவார்கள்.

ராஜியிடம் போனேன். அவளும் அந்த நேரம் கடையில் நின்று எல்லாம் கேட்டவள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நான் கடை வைச்சிருக்கிறன். பொலிசெண்டால் எனக்கு இப்பவும் கை நடுங்கும். தமிழர், துவக்கு எண்டு கதை வந்தால் இஞ்சை என்னெண்டு பாப்பாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

தெரியும். தெரிந்ததுதான் இன்னும் கோபம். எங்களில் ஒருவரும் வாய் திறக்கமாட்டோம், ஆனால் தமிழ் வகுப்பில் பிள்ளைக்கு மட்டும் உரக்கப் பேசச் சொல்லிக் கொடுப்போம். என் கணவரோ, "விடுமன் கலா, பேசாமல் பாட்மின்டனுக்குப் போம்," என்றார். அன்றிரவு அவருக்குப் புட்டு இல்லை.

கடைசியில் மானம் ரோஷத்தை விட்டுக் குருமூர்த்தி வீட்டுக்கே போனேன். அவர் மனைவி வேதவல்லி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன்.

"நான் தப்பா கேட்கலையே, தங்கச்சி," என்றார் அவர். "வெடி வைக்கப் போறேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னனான். எங்கடை தமிழிலை அது சுடுறது."

"அது கொச்சை. தமிழ்ல வெடி வைக்கிறதுன்னா வெடி வைக்கிறதுதான். நாளைக்கு நான் போய் மாத்திச் சொன்னா, போலீஸ்காரன் என்னை என்னான்னு நினைப்பான்? பொறந்ததுலேர்ந்து தமிழ் பேசுற மனுஷனுக்குத் தமிழ் தெரியலைன்னு சொல்வானா இல்லையா?"

"அப்ப உங்கடை மரியாதைக்காக நான் குற்றவாளியா இருக்கிறதோ?"

"குற்றவாளின்னு யாரும் சொல்லலைலா. ஒரு பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கி? போனா போகட்டுமே."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவனிடம் என்ன பேசுவது? தேநீரைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். வாசல்வரை வந்த வேதவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு செருப்பை எடுத்துத் தந்தாள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், கேட்க வேண்டியிருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. அது இன்னும் எரிச்சல்.

தீபாவளி விழா பள்ளிக்கூட மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம். நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஜதுர்ஷிகா நடனத்தில் இருந்தாள், அதனால் போனேன். மண்டபம் நிறையச் சனம், பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தார். நடனம் முடிந்தது. மேடையில் குருமூர்த்தி ஜரிகை வேட்டியோடு மைக்கைப் பிடித்தார். வெளியே மைதானத்தில் பட்டாசு ஆயத்தமாக இருந்தது.

"அன்பர்களே," என்றார். "இப்ப நாம சின்னப் பிள்ளைங்களுக்கு வெடி வைக்கப் போறோம். அப்பா அம்மாவெல்லாம் உள்ளேயே உட்காருங்க. பிள்ளைங்க மட்டும் வரிசையா வெளியே வாங்க."

மண்டபத்தில் யாழ்ப்பாணப் பாதி அப்படியே அசையாமல் போனது. 'ஆளுக்கு வெடி வைச்சிட்டாங்கள்' என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம். ஆளைச் சுட்டுவிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண், தன் மகனின் கையை எட்டிப் பிடித்ததைக் கண்டேன். அவளுக்கே தான் ஏன் பிடித்தோம் என்று தெரிந்திருக்காது. பிறகு பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. குருமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. தானும் சிரித்து வைத்தார்.

நான் சிரிக்கவில்லை. எழும்பினேன். எழும்ப வேண்டும் என்று யோசித்து எழும்பவில்லை, கால் தானாக எழும்பிவிட்டது.

"குருமூர்த்தி அண்ணை, பிள்ளையளுக்கு ஏன் வெடி வைக்கிறீங்கள்? அதுகள் என்ன பிழை செய்ததுகள்?"

"என்ன தங்கச்சி? தீபாவளிக்கு வெடி வைக்காம?"

"பிள்ளையளை வரிசையா வெளியிலை கூப்பிட்டு, தாய் தேப்பனை உள்ளுக்கை இருக்கச் சொல்லி, வெடி வைக்கப் போறன் எண்டு மைக்கிலை சொல்லுறீங்கள். நான் இப்ப பொலிசுக்குப் போன் எடுக்கப் போறன். நீங்கள் சொன்னதிலை ஒரு எழுத்தும் மாத்தமாட்டன். காதாலை கேட்ட சாட்சி இஞ்சை மண்டபம் நிறைய இருக்கு."

சிரிப்பு நின்றது. குருமூர்த்தி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு இடமும் வலமும் பார்த்தார். அப்போதுதான் ராஜி எழும்பினாள். போலீஸ் என்றால் கை நடுங்கும் என்ற அதே ராஜி. இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் நின்றாள்.

"அண்ணை, எங்கடை தமிழிலை ஒருத்தருக்கு வெடி வைக்கிறது எண்டால் சுடுறது. அண்டைக்குக் கலாக்கா கடையிலை சொன்னதும் அதுதான். நானும் நிண்டனான். கேட்டனான். சொல்லப் பயந்து இருந்திட்டன்."

குருமூர்த்தியின் முகம் மெதுவாக மாறியது. தன் வாயால் தானே சொன்ன வசனத்தை அவர் மனதுக்குள் எங்கள் காதால் திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். "ஐயோ," என்றார் மைக்கிலேயே. "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"நானும் சொல்லேல்லை!" என்று கத்தினேன். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். "நானும்தான் அந்த அர்த்தத்திலை சொல்லேல்லை! என்ரை பிள்ளை படியிலை நிண்டு அழுதது. குசினிக்குள்ளை பொலிசு நிண்டு என்ரை பருப்பைக் கிண்டினது. நான் உங்கடை வீட்டு வாசலுக்கு வந்து சொன்னன், கொச்சை எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கு விளங்கிறதுக்கு இவ்வளவு சனம் சிரிக்க வேண்டியிருந்ததோ?"

அவர் திங்கட்கிழமை காலையில் போய்ப் பேசுவதாகச் சொன்னார். இல்லை, இப்போது என்றேன். ஆபீஸ் பூட்டியிருக்குமே என்றார். அதற்குள் வேதவல்லி மேடைக்கு ஏறிவிட்டாள். தன் கைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மெசேஜ் விடலாம்ங்க. அன்னைக்குக் கடையிலேர்ந்து எவ்ளோ வேகமா பேசுனீங்க? அதே வேகத்துல பேசுங்க."

அதிகாரியின் நம்பர் என்னிடம் இருந்தது. மேடைக்குப் பின்னால் நின்று அவர் பேசினார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வெடி வைப்பது என்றால் இலங்கைத் தமிழில் சுடுவதைத்தான் குறிக்கும், தனக்குத்தான் தெரியவில்லை என்றார். துவக்கு என்ற சொல்லும் தனக்குத் தெரியாது என்றார். ரவைக்கு வந்ததும் தடுமாறி, போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "தோட்டா," என்றேன். "உப்புமாவிலை போடுறதில்லை எண்டும் சொல்லுங்கோ." அதையும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார், போனிடம். என்னிடம் கேட்பதற்கு அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் போலிருந்தது. வெளியே பட்டாசு வெடிக்கத் தொடங்கியிருந்தது.

துவக்குகள் திரும்பி வந்தன. அலுமாரியில் சோடியாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கோபம் போகவில்லை. துவக்கைப் போல அதை யாரும் வந்து கையெழுத்து வாங்கி எடுத்துப்போக முடியாது.

"இனிமேலாவது கிளப்புக்குப் போறன் எண்டு சொல்லுமன்," என்றார் என் கணவர். நான் அலுமாரியைப் பூட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை நீளப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு இறங்கும்போது போன் அடித்தது. ஜதுர்ஷிகா எடுத்தாள். நான் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹலோ வேதவல்லி ஆன்ட்டி," என்றாள். பிறகு என் பையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா... அம்மா ஜிம்முக்குப் போறா."

யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த விடியற்காலையில் படியில் நின்று தானாகவே படித்திருக்கிறாள். வீட்டில் பேசும் சொல் வெளியே போனால் போலீஸ் வரும் என்று பத்து வயதில் ஒரு பிள்ளை தெரிந்து வைத்திருக்கிறது. நாங்கள் அங்கே படித்த அதே பாடம். அதைப் படிக்கக் கூடாது என்றுதானே கடல் கடந்து வந்தோம்.

சப்பாத்தோடு உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அம்மா எங்கை போறன் எண்டு ஆன்ட்டியிட்டைச் சரியாச் சொல்லு."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ஏலாது அம்மா."

"ஏலும். சொல்லு."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா," என்றாள், "வெடி வைக்கப் போறா."

"இன்னும் சத்தமா."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மூச்சை இழுத்துத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"என்ரை அம்மா வெடி வைக்கப் போறா!"

பையை எடுத்துக்கொண்டு நான் பஸ் பிடிக்கப் போனேன்.